பெரிய பாய்லர், பத்தாத நீராவி: ஜேம்ஸ் வாட் போட்ட கணக்கு

ஜேம்ஸ் வாட் என்ற பேரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஒரே படம்தான் மனசில் வரும். அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது, மூடி தடதடன்னு ஆடுகிறது, ஒரு சின்னப் பையன் அதையே வெறிச்சுப் பார்த்துட்டு இருக்கான். அடுத்த பக்கத்தில் நீராவி எஞ்சின் ரெடி. சின்ன வகுப்பில் படிச்ச இந்தக் கதை கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வாட் பிறப்பதற்கு 24 வருஷம் முன்னாடியே, 1712-லேயே, தாமஸ் நியூகோமன் கட்டிய நீராவி எஞ்சின் இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டது.

அப்படின்னா வாட் என்னதான் செய்தார்? அவர் கையில் வந்து சேர்ந்தது சரியாக ஓடாத ஒரு எஞ்சின். பாய்லரைப் பார்த்தால் போதுமான அளவில்தான் இருக்கு, ஆனால் எஞ்சினுக்கு நீராவி பத்தல. ஏன் பத்தல என்ற அந்த ஒரு கேள்வியை அவர் விடவே இல்லை. அவருக்கு வந்த பேர், பணம், வழக்கு எல்லாத்துக்கும் ஆரம்பம் அதுதான். இன்னைக்கு ஒரு குளிர் தேசத்தில் வீட்டுப் பழைய ஸ்டீம் பாய்லரை மாற்றப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதேதான். அந்த வீட்டுக்குக் கடைசியில் போகலாம். முதலில் ஆளைப் பார்த்துடுவோம்.

கிரீனாக் பையன்

வாட் 1736 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் கிரீனாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா கப்பல் கட்டுபவர், வியாபாரி. கப்பலுக்கு வேண்டிய கருவிகளையும் விற்றார். பையனுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாது, கடுமையான தலைவலி வேறு. அதனால் ஆரம்பத்தில் அம்மாதான் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். மீதி நேரம் அப்பாவின் பட்டறையில். கப்பல்காரர்களின் திசைகாட்டி, கோணமானி மாதிரி கருவிகளைப் பிரிச்சு மாட்டுற பழக்கம் அங்கேதான் வந்தது.

அம்மா இறந்துவிட்டார், அப்பாவின் வியாபாரமும் சரிந்தது. கருவி செய்யும் தொழிலைக் கத்துக்கிட்டு பிழைச்சுக்கலாம்னு 1755-ல் லண்டன் போனார் வாட். அந்தத் தொழிலை முறையாகப் பழக ஏழு வருஷம் ஆகும். அவ்வளவு காலத்துக்குக் கையில் காசு கிடையாது. ஒரு குருவிடம் ஒரே வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை கத்துக்கிட்டு, உடம்பு கெட்டுப்போய், 1756-ல் ஸ்காட்லாந்துக்கே திரும்பினார்.

கிளாஸ்கோ நகரத்துக்குள் கடை போட அவருக்கு வழி கிடைக்கவில்லை. ஆனால் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்திருந்த வானியல் கருவிகளைச் சரிபார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்த வேலையை வாட் செய்து கொடுக்க, 1757-ல் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறை கொடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயசு 21. பட்டம் கிடையாது. வகுப்பில் உட்கார்ந்து படிச்சவரும் இல்லை. லேப் உபகரணங்களைப் பழுது பார்க்கிறவர், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன அறைக்கு ஜோசப் பிளாக் போன்ற பேராசிரியர்களும் ஜான் ராபிசன் போன்ற மாணவர்களும் பேச வந்துபோக ஆரம்பித்தார்கள். நீராவி பக்கம் வாட்டின் கவனத்தை முதலில் திருப்பியவர் ராபிசன்தான்.

ஓடாத மாடல்

1763. இயற்கைத் தத்துவம் நடத்திய ஜான் ஆண்டர்சன் என்ற பேராசிரியரின் வகுப்பில் நியூகோமன் எஞ்சினின் சின்ன மாடல் ஒன்று இருந்தது. ரிப்பேருக்கு லண்டன் வரைக்கும் போய் வந்த மாடல். அப்படியும் சரியாக ஓடவில்லை. அதைச் சரிசெய்யச் சொல்லி வாட்டிடம் கொடுத்தார்கள்.

சிலிண்டரின் விட்டம் 2 அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் 6 அங்குலம். பாய்லரின் விட்டம் ஏறத்தாழ 9 அங்குலம். இந்தச் சிலிண்டருக்கு அந்த பாய்லர் தாராளமாகப் போதும்னுதான் யாருக்கும் தோணும். வாட்டும் மாடலைச் சரிசெய்து, அடுப்பை மூட்டிப் பார்த்தார். நாலைந்து தடவை பிஸ்டன் ஏறி இறங்கியது. அதோடு நின்றுவிட்டது. நெருப்பை எவ்வளவு ஊதினாலும் அதே கதைதான். நீராவி தீர்ந்துபோகிறது.

இங்கே நாம என்ன செய்வோம்? இன்னும் பெரிய பாய்லர் ஒண்ணு மாட்டுவோம். வேலையும் முடிந்திருக்கும், பேராசிரியரும் வகுப்பில் எஞ்சினை ஓட்டிக் காட்டியிருப்பார். வாட் அப்படிச் செய்யவில்லை. பாய்லரிலிருந்து கிளம்பும் நீராவி எங்கே போகுது என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்.

நியூகோமன் எஞ்சின் வேலை செய்யும் விதம் இதுதான். சிலிண்டருக்குள் நீராவியை நிரப்பணும். பிறகு அதே சிலிண்டருக்குள் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சணும். நீராவி தண்ணீராகச் சுருங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் குளிர்ந்த தண்ணீர் நீராவியோடு சேர்த்து சிலிண்டரின் உலோகத்தையும் குளிர வைத்துவிடுகிறது. அடுத்த முறை உள்ளே வரும் நீராவியில் பெரும்பகுதி சுவரைச் சூடாக்கவே செலவாகி, அங்கேயே தண்ணீராகிவிடுகிறது. மிச்சம் இருப்பதுதான் பிஸ்டனுக்கு.

சின்ன மாடலில் இது இன்னும் மோசம். காரணம் நமக்குத் தெரிஞ்ச ஜியோமெட்ரிதான். எல்லா அளவையும் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகும், மேற்பரப்பு நாலில் ஒரு பங்குதான் ஆகும். அப்போ ஒரே அளவு நீராவிக்குக் கிடைக்கும் குளிர்ந்த சுவர் இரண்டு மடங்கு. டம்ளர் டீ சீக்கிரம் ஆறிடுது, அண்டாவில் இருக்கும் டீ ஆறுவதில்லை இல்லையா, அதே விஷயம்.

வாட் இதை ஊகமாக விடவில்லை. ஆளி விதை எண்ணெயில் ஊறவைத்துச் சுட்ட மரத்தால் 6 அங்குல விட்டமுள்ள ஒரு சிலிண்டர் செய்தார். உலோகத்தைவிட மரம் வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும் என்பதால். ஒவ்வொரு அசைவுக்கும் எவ்வளவு நீராவி செலவாகிறது என்று அளந்தார். சிலிண்டரின் கொள்ளளவைப் போல பல மடங்கு நீராவி போய்க்கொண்டிருந்தது! இன்னொரு சோதனையில், நீராவியாகப் போன தண்ணீர் தன் எடையைப் போல சுமார் ஆறு மடங்கு குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவதைப் பார்த்துத் திகைத்துப்போனார். பிளாக்கிடம் போய்ச் சொன்னார். பிளாக் ஏற்கெனவே அதைக் கண்டுபிடித்து வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தார்: உள்ளுறை வெப்பம். நம்ம தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் லேட்டன்ட் ஹீட் என்று வருமே, அதேதான். இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் படும் ஆவி, கொதிக்கிற தண்ணீரைவிட மோசமாகச் சுடுவதற்கும் இதுதான் காரணம்.

ஆக வாட் கண்டது இது. பாய்லர் சின்னதா பெருசா என்பதை பாய்லரைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீராவியை வாங்கிக்கொள்ளும் பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அங்கே எவ்வளவு உலோகம் இருக்கு, எவ்வளவு குளிர்ந்திருக்கு, ஒவ்வொரு தடவையும் அதைச் சூடாக்க எவ்வளவு நீராவி போகுது என்பதுதான் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை

சிலிண்டர் எப்பவும் சூடாக இருக்கணும். ஆனால் நீராவி சுருங்கணும்னா குளிர்ச்சியும் வேணும். ஒரே பாத்திரத்தில் இரண்டும் எப்படி? ஒரு வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வி அவரை அரிச்சுட்டே இருந்தது. 1765 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தபோது விடை வந்தது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் குளிர்ந்த ஒரு தனிப் பாத்திரம் வைத்து, குழாய் வழியாக இணைத்தால் போதும். நீராவி தானாக வெற்றிடத்துக்குள் பாய்ந்து அங்கே போய்ச் சுருங்கும். சிலிண்டர் சூடு குறையாமல் இருக்கும். இதுதான் தனிக் கண்டென்சர்.

ஞாயிறு வேலை செய்யக் கூடாது என்பது அன்றைய ஸ்காட்லாந்து வழக்கம். திங்கட்கிழமை வரை காத்திருந்து, ஒரு பித்தளை சிரிஞ்சைச் சிலிண்டராக வைத்துச் சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது. சிலிண்டரைச் சுற்றியும் நீராவி உறை போட்டு, வெப்பம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் அவர் யோசித்து வைத்தார். பாய்லரைப் பெருசாக்காமலே, இருக்கிற நீராவியைப் போதுமானதாக ஆக்கிவிட்டார்.

கடனும் இழப்பும்

மாடல் ஓடுவதும் முழு எஞ்சின் ஓடுவதும் ஒன்றில்லை. ஃபைனல் இயர் பிராஜெக்ட் செய்கிற நமக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பெரிய சிலிண்டரைத் துல்லியமாகக் கடைய அந்தக் காலத்தில் ஆளும் இல்லை, எந்திரமும் இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நீராவி கசிந்துகொண்டே இருந்தது. ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் பணம் போட்டார். 1769 ஜனவரியில் பேட்டன்ட்டும் கிடைத்தது. ஆனால் எஞ்சின் வரவில்லை.

வாட் 1764-ல் மார்கரெட் மில்லரைக் கல்யாணம் செய்திருந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற அவர் வருஷக்கணக்கில் செய்த வேலை, கால்வாய்களுக்கு நிலம் அளப்பது. மழையிலும் குளிரிலும் மலைப்பக்கம் அலைகிற வேலை, அதுவும் அடிக்கடி தலைவலி வரும் ஒரு மனுஷனுக்கு. 1773-ல் அப்படி ஸ்காட்லாந்தின் வடக்கே மலைநாட்டில் அளந்துகொண்டிருந்தபோதுதான் மனைவி ஆபத்தான நிலையில் இருப்பதாகச் செய்தி வந்தது. அவர் வந்து சேர்வதற்குள் பிரசவத்தில் மார்கரெட் இறந்துவிட்டார். அதே காலத்தில் ரோபக்கும் திவாலாகிவிட்டார். கண்டுபிடித்து எட்டு வருஷம் ஆகியும் கையில் எஞ்சின் இல்லை, பணம் போட ஆளும் இல்லை.

ரோபக் கடன்பட்டிருந்தவர்களில் ஒருவர் பர்மிங்காமின் மேத்யூ போல்டன். வர வேண்டிய 1,200 பவுண்டுக்குப் பதிலாக அந்த பேட்டன்ட்டின் பங்கை அவர் எடுத்துக்கொண்டார். மற்ற கடன்காரர்கள் மதிக்காத காகிதம் அது. 1774-ல் வாட் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த வருஷம் நாடாளுமன்றம் பேட்டன்ட்டை 1800 வரை நீட்டித்தது. பீரங்கிக் குழல் கடையும் எந்திரத்தை வைத்திருந்த ஜான் வில்கின்சன், நல்ல சிலிண்டர்களைக் கடைந்து கொடுத்தார். 1776-ல் முதல் இரண்டு எஞ்சின்கள் ஓட ஆரம்பித்தன: ஒன்று சுரங்கத்தில், ஒன்று வில்கின்சனின் இரும்பு உலையில். அதே வருஷம் ஆன் மெக்ரெகரை இரண்டாவதாக மணந்தார்.

பழசுக்குப் பதில் புதுசு

இதுக்கப்புறம் வாட்டுக்குக் கிடைத்த வேலைகளில் பெரும்பாலானவை, இன்றைய வார்த்தையில் சொன்னால், ரீப்ளேஸ்மென்ட் வேலை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுத்துவிட்டு புதுசை வைக்கணும். எந்த அளவில் வைப்பது? அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில் தாமிரச் சுரங்கங்களும் வெள்ளீயச் சுரங்கங்களும் நிறைய. ஆனால் நிலக்கரி கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வரணும். அங்கே நியூகோமன் எஞ்சின்கள் தின்கிற கரிக்கே லாபம் போய்க்கொண்டிருந்தது. போல்டனும் வாட்டும் வித்தியாசமாக ஒரு பேரம் வைத்தார்கள். எஞ்சினின் பாகங்களுக்கு நீங்களே காசு கொடுத்துக்கோங்க. பழைய எஞ்சினோடு ஒப்பிட்டால் எவ்வளவு கரி மிச்சமாகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எங்களுக்குக் கொடுங்க. இதுக்கு எஞ்சின் எத்தனை தடவை அசைந்தது என்று எண்ண ஒரு கவுன்டர் பொருத்தி, பூட்டுப் போட்டு வைத்தார்கள். பழைய எஞ்சின் எவ்வளவு பெருசு என்பது அந்தக் கணக்கில் முக்கியமில்லை. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆழத்திலிருந்து மேலே வரணும் என்பதுதான் முக்கியம்.

அடுத்து வந்தவர்கள் மில்காரர்களும் மது காய்ச்சுபவர்களும். 1780-களில் சக்கரத்தைச் சுற்றக்கூடிய எஞ்சின் வந்த பிறகு, அதுவரை குதிரைகளை வைத்துச் செக்கு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் எஞ்சின் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கு பவுண்டும் அடியும் புரியாது. என் கொட்டிலில் இத்தனை குதிரை இருக்கு, எனக்கு எவ்வளவு பெரிய எஞ்சின் வேணும் என்பதுதான் அவர்கள் கேள்வி. வாட் கணக்குப் போட்டார். ஆலைக் குதிரை ஒன்று 24 அடி விட்டமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 சுற்று சுற்றுகிறது, 180 பவுண்டு விசையோடு இழுக்கிறது. கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பாருங்க: நிமிடத்துக்கு ஏறத்தாழ 32,600 அடி-பவுண்டு வரும். அதை 33,000 என்று முழுமையாக்கினார். அதுதான் ஒரு ஹார்ஸ்பவர். சாதாரணக் குதிரை நாள் முழுக்க இந்த அளவுக்கு உழைக்காது. அதனால் எஞ்சின் வாங்கியவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் கிடைத்தது என்று புகார் சொல்ல இடமே இல்லை. லண்டனில் விட்பிரெட் என்ற மதுபான ஆலையில் 1785-ல் குதிரைச் சக்கரத்துக்குப் பதிலாக வைத்த எஞ்சின் இன்னமும் சிட்னியில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, ஹார்ஸ்பவர் என்ற அலகே சைஸ் தேர்ந்தெடுக்க வந்த அலகு. வாங்குகிறவரிடம் என்ன வேலை இருக்கு என்று முதலில் எண்ணு, பிறகு எஞ்சினைக் காட்டு.

தன் அறைக்கே ஒரு ஹீட்டர்

1784-85 குளிர்காலத்தில் வாட் ஒரு வேலை செய்தார். பர்மிங்காமில் தன் வீட்டில், தான் உட்கார்ந்து எழுதும் அறையை நீராவியால் சூடாக்கிப் பார்க்க நினைத்தார். கீழே ஒரு அறையில் பாய்லர். அங்கிருந்து ஒரு குழாய். மேலே தரைக்குப் பக்கத்தில், வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடுகளால் செய்த தட்டையான ஒரு பெட்டி. அதற்குள் நீராவி வந்து சுருங்கும், பெட்டி சூடாகும், அறையும் சூடாகணும்.

எதிர்பார்த்த அளவுக்கு அறை சூடாகவில்லை. இங்கேயும் குற்றவாளி பாய்லர் இல்லை. வெள்ளீயம் பூசிய தகடு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். பளபளப்பான உலோகம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே விடுவது ரொம்பக் குறைவு. நம்ம ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் எமிசிவிட்டி என்று ஒரு டேபிள் வரும் இல்லையா, அதேதான். ஜான் லெஸ்லி தன் சோதனைகளில் இதை விரிவாகக் காட்டியது 1804-ல், அதாவது இருபது வருஷம் கழித்து. பெட்டி வெப்பத்தை விட்டால்தான் உள்ளே நீராவி சுருங்கும்; சுருங்கினால்தான் அடுத்த நீராவிக்கு இடம் கிடைக்கும். கீழே எவ்வளவு பெரிய பாய்லர் வைத்திருந்தாலும் அந்த அறைக்குக் கிடைக்கும் சூடு அந்தத் தகட்டின் பரப்பளவும் குணமும் அனுமதிக்கும் அளவுக்குத்தான்.

பிற்பாடு போல்டன் அண்ட் வாட் கம்பெனி பஞ்சாலைக் கட்டடங்களையும் நீராவியால் சூடாக்கியது. அப்போது பயன்பட்டவை வார்ப்பிரும்பு. மங்கலான, சொரசொரப்பான வார்ப்பிரும்பு. பழைய வீடுகளில் இன்றும் நிற்கும் ரேடியேட்டர்களும் அதே பொருள்தான்.

கடைசி வருஷங்கள்

வாட்டை முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போவது நியாயமில்லை. அதிக அழுத்த நீராவிக்கு அவர் கடைசி வரை எதிரி. அவருடைய பாய்லர்கள் காற்றழுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வேலை செய்தன. அன்றைய தகடுகளும் ஆணிகளும் வெடிக்கும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் தன் பேட்டன்ட்டை வைத்து, வேறு மாதிரி எஞ்சின் செய்ய முயன்றவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார். பேட்டன்ட் 1800-ல் முடிந்ததும் ரிச்சர்ட் டிரெவிதிக் போன்றவர்கள் அதிக அழுத்தத்தில் சின்ன எஞ்சின்களைச் செய்து ரயில் வரைக்கும் கொண்டுபோனார்கள். வாட் வழிவிட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருக்குமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

பேட்டன்ட் முடிந்த அதே வருஷம் தொழிலிலிருந்து விலகினார். இரண்டாம் மனைவிக்குப் பிறந்த மகள் 1794-லும் மகன் கிரிகரி 1804-லும் காசநோயில் இறந்தார்கள். நண்பர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பர்மிங்காம் பக்கத்தில் ஹீத்ஃபீல்ட் என்ற தன் வீட்டின் மாடியறையில், சிற்பங்களை நகலெடுக்கும் ஒரு எந்திரத்தைச் செதுக்கித் திருத்திக்கொண்டே இருந்தார். 1819 ஆகஸ்ட் 25-ல், 83 வயதில் இறந்தார். அந்த மாடியறைப் பட்டறையின் சாமான்கள் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த ஓடாத மாடல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இன்னைக்கு ஒரு வீட்டில்

இப்போது சொன்னபடி அந்தக் குளிர் தேசத்து வீட்டுக்கு வருவோம். நியூயார்க், சிகாகோ மாதிரி அமெரிக்க நகரங்களில் நூறு வருஷப் பழைய வீடுகள் நிறைய இன்னும் நீராவியால்தான் சூடாகின்றன. நிலவறையில் பாய்லர், அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் குழாய், ஜன்னலுக்குக் கீழே வார்ப்பிரும்பு ரேடியேட்டர். அழுத்தம் 2 பிஎஸ்ஐ-க்கும் கீழே. வாட்டே வந்து பார்த்தால் பயப்படாமல் நிற்கக்கூடிய அழுத்தம்.

ஒரு நாள் பாய்லர் ஓட்டையாகிறது. புதுசு வாங்கணும். எந்த சைஸ்? பழைய பாய்லரில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் இன்னொன்று வாங்குவது சுலபமான வழி. ஆனால் அந்தப் பழைய பாய்லரைத் தேர்ந்தெடுத்தவர் சரியாகக் கணக்குப் போட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நடுவில் சில ரேடியேட்டர்களைக் கழற்றியிருக்கலாம். வீட்டின் பரப்பளவையும் வெப்ப இழப்பையும் வைத்துக் கணக்குப் போடுவதும் இங்கே உதவாது. சுடுதண்ணீர் சிஸ்டம்னா அது சரி, தண்ணீரைக் குறைந்த சூட்டிலும் ஓட்டலாம். நீராவி அப்படி இல்லை. எல்லா ரேடியேட்டரையும் நிரப்பும் அளவுக்கு வந்தால்தான் கடைசி அறைக்குப் போய்ச் சேரும். பத்தவில்லை என்றால் வழியிலேயே தண்ணீராகிவிடும்.

அதனால் சரியான வழி, வீடு முழுக்க நடந்து ரேடியேட்டர்களை எண்ணுவது. ஒவ்வொன்றின் உயரம், எத்தனை துண்டுகள், எத்தனை குழல்கள் என்று பார்த்தால், அட்டவணையில் அதன் அளவு சதுர அடியில் கிடைக்கும். இந்தச் சதுர அடி ஒன்று மணிக்கு 240 பிடியூ வெப்பம் தரும். நம்ம அலகில் சொன்னால் ஏறத்தாழ 70 வாட். ஆமாம், அவர் பேரில்தான். 1882-ல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்து, பிறகு உலகம் ஏற்றுக்கொண்ட அலகு.

ஒரு வீட்டில் எல்லா ரேடியேட்டரும் சேர்த்து 300 சதுர அடி என்று வெச்சுக்கோங்க. 300-ஐ 240-ஆல் பெருக்கினால் 72,000 பிடியூ. ஆனால் குழாய்களும் இரும்புதான், ஒவ்வொரு முறை அடுப்பு பற்றும்போதும் குளிர்ந்த நிலையிலிருந்து சூடாகணும். அதுக்காக வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்ப்பார்கள்: சுமார் 96,000 பிடியூ, அதாவது 28 கிலோவாட். முதல் ஈடு இட்லி வேக அதிக நேரம் எடுப்பது மாதிரிதான் இது. பானை சூடாகணுமே! அந்த மாடலில் வாட்டைத் தவிக்கவிட்ட குளிர்ந்த சிலிண்டர் சுவர்தான் இன்னைக்கு இந்தக் கூடுதல் மூன்றில் ஒரு பங்கு. ஸ்டீம் பாய்லர் லேபிளில் சதுர அடிக் கணக்கிலும் ஒரு எண் இருக்கும். அதில் இந்தக் கூடுதல் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். அதனால் 300 சதுர அடி ரேடியேட்டருக்கு 300 சதுர அடி பாய்லர், அவ்வளவுதான். கூடுதலை இரண்டு தடவை சேர்த்துவிடக் கூடாது.

சின்னதாக வாங்கினால் கடைசி அறை குளிரிலேயே கிடக்கும். எதுக்கும் இருக்கட்டும்னு பெருசாக வாங்கினால்? ரேடியேட்டர்கள் எடுத்துக்கொள்வதைவிட அதிக நீராவி வரும். அழுத்தம் ஏறும், கட்டுப்பாட்டுக் கருவி அடுப்பை அணைக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பற்ற வைக்கும். ராத்திரி முழுக்க இப்படியே. வாங்கும்போதும் அதிக விலை, எரிவாயுவும் வீண், பாய்லரின் ஆயுளும் குறையும். வாட்டின் பளபள தகடு சொன்ன பாடம்தான்: வாங்கிக்கொள்ள ஆளில்லாத நீராவியால் அறை சூடாகாது. குழாய்களுக்கு உறை போட்டிருந்தால் வழியில் இழப்பும் குறையும். அதுவும் அவர் யோசித்த நீராவி உறை மாதிரிதான்.

நம்ம ஊரில் வீட்டுக்கு ஸ்டீம் பாய்லர் வைக்கப் போவதில்லை. ஆனால் பிராஜெக்ட்டுக்கு மோட்டார் வாங்குவோம், வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்குவோம், நாளைக்கு வேலைக்குப் போன இடத்தில் பழைய பம்ப்பை மாற்றச் சொல்லி ஒரு ஃபைல் நம்ம டேபிளுக்கு வரும். பழசில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து அப்படியே எழுதிவிட மனசு சொல்லும். யாரும் கேள்வியும் கேட்க மாட்டாங்க. கொஞ்சம் எழுந்து போய், அந்தக் குழாயின் மறுமுனையில் என்ன இருக்கு என்று எண்ணிட்டு வந்து எழுதுங்க.